முதல் கார்னர் மோதல்கள்: தண்டனையைக் கூட்டினால் குறையுமா?

நண்பர்களோடு ஆன்லைனில் ஓட்டும் கார் பந்தய கேம் லீகில் முதல் கார்னரிலேயே பாதிக் கார்கள் நொறுங்குகின்றன, பெனால்டியைக் கூட்டலாமா என்று கேட்கிறீர்கள். கூட்டினால் புகார்கள்தான் கூடும். இடிப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. எங்கே பிரேக் பிடிப்பது என்று தெரியவில்லை.

தனியே பழகும்போது சூடான டயர், குறைந்த எரிபொருள். வளைவுக்கு 100 மீட்டர் என்று காட்டும் பலகையில் பிரேக் பிடித்தால் கார் நிற்கும். பந்தயத்தின் முதல் சுற்றில் டயர் குளிர்ந்திருக்கும், டேங்க் நிறைந்திருக்கும், முன்கார் காற்றைக் கலைப்பதால் டவுன்ஃபோர்ஸும் (காரைத் தரையோடு அழுத்தும் காற்றின் விசை) குறையும். போதாததற்கு, முன்னவர் சற்று முன்னதாகப் பிடித்தால் பின்னவர் அதற்கும் முன்னதாகப் பிடித்தாக வேண்டும். கடைசி வரிசைக்கு 150 மீட்டர்கூடப் போதாமல் போகலாம். ஆகவே பயிற்சியில் வேக நேரத்தைத் துரத்தாமல், முழு டேங்கோடு எல்லோரும் சேர்ந்து ஸ்டார்ட்டை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுங்கள்.

அடுத்து எஃப்.ஓ.வி., அதாவது திரையில் எவ்வளவு அகலக் காட்சி தெரிய வேண்டும் என்று கேமில் வைக்கும் கோணம். 60 செ.மீ. அகலத் திரை கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால் சரியான கிடைமட்டக் கோணம் சுமார் 53 டிகிரி. செங்குத்துக் கோணம் கேட்கும் கேம் என்றால், 16:9 திரைக்குச் சுமார் 31. பலர் 90 வைத்து ஓட்டுகிறார்கள். முன்கார் இருப்பதைவிடத் தள்ளித் தெரியும், பிரேக் தாமதமாகும். '53 வைத்தால் பக்கத்துக் கார் தெரியாதே' என்பார்கள். தெரியாதுதான். பக்கத்துக் கார்களைத் திரையில் காட்டும் ரேடாரும், குரலில் சொல்லும் ஸ்பாட்டரும் அதற்குத்தானே இருக்கின்றன?

பிங்கையும், அதாவது இணையத் தொடர்பின் தாமதத்தையும், பாருங்கள். 180 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 50 மீட்டர் ஓடும். 100 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் 5 மீட்டர், ஏறக்குறைய ஒரு கார் நீளம். அந்த இடைவெளியை கேம் கணித்து நிரப்புகிறது. முன்கார் திடீரென்று பிரேக் பிடித்தால் கணிப்பு தப்பும். பம்பரில் ஒட்டி ஓட்டாதீர்கள்.

வளைவின் உள்பக்கமாக நுழைந்து முந்துவதற்கு ஒரு விதி எழுதி வையுங்கள்: மற்றவர் ஸ்டீயரிங் திருப்பும் இடத்தில் உங்கள் முன்சக்கரம் அவர் கதவருகே இல்லையென்றால், விட்டுவிடுங்கள். லீகுக்கு லீக் அளவு மாறும், அதற்காக என்னோடு மல்லுக்கு வராதீர்கள். சுழன்று நின்றால் பிரேக்கை அழுத்தியே வைத்திருக்க வேண்டும். உருளும் காரைத்தான் பின்னால் வருபவரால் கணிக்க முடியாது. ஒரு சுற்று முன்னே இருப்பவர் உங்களை முந்த வருகிறார் என்று சொல்லும் நீலக்கொடி கண்டு பதறித் திடீரென ஒதுங்குவதும் ஆபத்து. தன் லைனில் போனால் போதும், சுற்று முந்துபவர் வழி பார்த்துக்கொள்வார்.

ஐரேஸிங் என்ற ஆன்லைன் பந்தய கேமில் ரோடு ரேஸில் தடம் விட்டால் 1, கட்டுப்பாடு இழந்தால் 2, இன்னொரு காரோடு பலமாக மோதினால் 4 என்று தவறுப் புள்ளி விழும்; மோதல் என்றால் மோதிய இருவருக்கும். அநியாயம் என்று கத்துவார்கள். ஆனால் யார் தப்பு என்று மென்பொருள் தீர்ப்பு சொல்வதில்லை, அதனால் ஆபத்தான காரிலிருந்து விலகி ஓட்டும் பழக்கம் வருகிறது. உங்கள் லீகில் மோதாமல் முடித்தவருக்கு 2 போனஸ் புள்ளி கொடுங்கள். புகாரை மறுநாள், சுற்று எண்ணும் ரீப்ளே நேரமும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்; பந்தயத்தின் நடுவே மைக்கில் திட்டுபவரின் புகாரை எடுக்கவே வேண்டாம்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எங்கிருந்தோ பாய்ந்து இடித்து முந்தும் வீடியோவுக்குத்தான் கைதட்டல். மூன்று சுற்று பொறுத்து, வளைவை விட்டு வெளியேறும்போது வேகம் சேர்த்து, நேர்ப்பாதையில் முந்துபவரை யாரும் கிளிப் எடுப்பதில்லை.