வேட்டைக்குப் போன படங்களை இப்போது முகநூலில் போடலாமா?

(2020 ஆகஸ்டில், தென்னாப்பிரிக்காவில் கொரோனா ஊரடங்கு இருந்தபோது எழுதிய கேள்வி-பதில் இது. இதிலுள்ள ஊரடங்கு விதிகளும் கெடுவும் அன்றைக்கு இருந்தவை.)

கேள்வி: வக்கீலம்மா, நாங்கள் டர்பன்காரர்கள். ஜூலை நடுவில் நான்கு பேர் என் பக்கியில் (பிக்கப் வண்டியில்) வான் ரீனன் கணவாய் ஏறி, மாகாண எல்லைக்கு அந்தப் பக்கம் ஃப்ரீ ஸ்டேட்டில் இருக்கும் ஹாரிஸ்மித் பக்கத்தில் ஒரு பண்ணைக்குப் போனோம். இரண்டு இரவு தங்கி மூன்று பிளெஸ்பாக் மான் சுட்டு வந்தோம். வழியில் யாரும் நிறுத்தவில்லை. இறைச்சியைத் தெருவில் வேலை இழந்திருக்கும் நாலு வீட்டுக்கும் கொடுத்தோம். என் மகனுக்கு இது முதல் வேட்டை. இப்போது அவன் படங்களை முகநூலில் போட வேண்டும் என்கிறான். கூட வந்த நண்பர் ஏற்கெனவே சிலவற்றைப் போட்டுவிட்டார். அதன் கீழே ஒருவர், "மாகாணம் தாண்ட பெர்மிட் எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டிருக்கிறார். வேலை விஷயமாகப் போனோம் என்று பதில் எழுதிவிடலாம் என்கிறார் நண்பர். வேட்டைக்குத்தான் அரசு அனுமதி கொடுத்துவிட்டதே, படம் போட்டால் என்ன தப்பு? இன்னொன்று, என் ரைபிளின் உரிமம் சென்ற வருஷம் முடிந்துவிட்டது. கோர்ட் தடை இருக்கிறது, கவலை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அது சரிதானா?

பதில்: ஐயா, மகனிடம் இன்றைக்கே "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். நண்பரையும் கூப்பிட்டு, அந்தக் கேள்விக்குப் பதில் எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏன் என்பதை இனி விளக்குகிறேன்.

வேட்டைக்கு அனுமதி உண்டு என்பது உண்மை. 2020 ஜூன் 1-ஆம் தேதி ஊரடங்கு மூன்றாம் நிலைக்கு வந்த பிறகு வேட்டையைத் திறந்துவிட்டார்கள். ஆனால் வேட்டையாடும் அனுமதி வேறு, அதற்காக மாகாண எல்லையைத் தாண்டும் அனுமதி வேறு. வேலை, வீடு மாறுவது, இறுதிச்சடங்கு, நோயுற்ற நெருங்கிய உறவினரைக் கவனிப்பது என்று சில காரணங்களுக்கு மட்டும்தான் இந்த ஊரடங்கில் எல்லை தாண்டலாம், அதற்கும் கையில் தாள் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் வேட்டை இல்லை. இதே நான்கு பேர் உங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலுக்குள்ளேயே, ம்கூஸே பக்கம் ஒரு பண்ணைக்குக் காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. இரவு தங்கியதும் சிக்கல்தான். சொந்த மாகாணத்துக்குள் பொழுதுபோக்குக்காகத் தங்குவதையே ஜூலை கடைசியில்தான் அனுமதித்தார்கள். நீங்கள் போனது அதற்கு முன்னால்.

2002-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இவை. மீறினால் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் அபராதச் சீட்டோடு முடியும். பலர் அங்கேதான் ஏமாறுகிறார்கள். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டு அபராதம் கட்டினால், வேகமாகக் கார் ஓட்டியதற்குப் பணம் கட்டுவது போல அது முடிந்துபோவதில்லை. சட்டத்தின் கண்ணில் அது தண்டனை. உங்கள் பெயரில் குற்றப் பதிவாக நிற்கக்கூடும். துப்பாக்கிக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்கும்போதும், மகன் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும். அதனால் சீட்டு வந்தால் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள், முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி தரும் அமைப்பான லீகல் எய்ட் சவுத் ஆப்ரிக்கா இருக்கிறது.

இனி படத்துக்கு வருகிறேன். வேட்டைப் படம் போடுவது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது சாட்சி ஆகிவிடும், அதுதான் விஷயம். நீங்கள் அனுப்பிய படத்தையே பாருங்கள். பக்கியின் எண் பலகையில் என்.டி. என்று டர்பன் எழுத்து. பின்னால் தட்டையான உச்சியோடு பிளாட்பெர்க் மலை. ஹாரிஸ்மித்தைத் தெரிந்த எவருக்கும் அது எந்த ஊர் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த படத்தில் இருட்டு, பிராய் (இறைச்சி சுடும்) நெருப்பு, முகக்கவசம் இல்லாமல் தோளோடு தோளாக ஏழு பேர், கையில் பீர். மது விற்பனையை ஜூலை 12-ஆம் தேதி மறுபடியும் நிறுத்தினார்கள். வீட்டில் ஏற்கெனவே வாங்கி வைத்ததைக் குடிப்பது குற்றமில்லை. ஆனால் அது எங்கே, எப்போது வாங்கியது என்ற கேள்விக்கு நீங்களே வாசல் திறந்துவிடுகிறீர்கள். மின்னணுப் பதிவு என்ற ஒரே காரணத்துக்காகக் கோர்ட் ஒரு சாட்சியத்தைத் தள்ளிவிடக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டம் சொல்கிறது.

கைதான ஒருவரைப் பேசச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நம் அரசியல் சாசனத்தின் 35-ஆம் பிரிவு தரும் உரிமை அது. இந்த நாட்டில் எத்தனையோ பேர் போலீஸ் காவலில் அடிபட்ட பிறகு கிடைத்த உரிமை. அதை ஒரு முகநூல் பதிவில் நீங்களாகவே கொடுத்துவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். நீங்களாக விரும்பிப் போட்டதை, கட்டாயத்தில் சொன்னேன் என்று பிறகு சொல்ல முடியாது.

நண்பரின் யோசனையைக் கேட்டுத்தான் எனக்கு அதிகக் கவலை. வேலைக்குப் போனோம் என்று எழுதுவது இருக்கிற சிறிய குற்றத்தின் மேல் பெரிய குற்றத்தை ஏற்றுவது. நாளைக்கு அதையே போலீஸிடம் சத்தியக் கடுதாசியில் எழுதிக் கொடுத்தாலோ, வேலை கொடுத்ததாக யாரிடமாவது பழைய தேதி போட்டுத் தாள் வாங்கினாலோ அது பொய்ச் சத்தியம், மோசடி என்று போய்விடும். எல்லை தாண்டியதை நீதிபதி மன்னிக்கலாம். பொய்த் தாளை மன்னிக்கமாட்டார்.

ஏற்கெனவே போட்ட படங்களை நண்பர் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் போனிலிருந்தே அழித்துவிடு, வாட்ஸ்அப்பில் இருப்பதையும் அழி என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். விசாரணை வருகிறது என்று தெரிந்து சாட்சியத்தை அழித்தால் நீதியின் போக்கைத் தடுத்த குற்றமாகிவிடும். அழைப்பு வந்துவிட்டது என்றால் எதையும் தொடாதீர்கள்.

படத்தில் இருக்கும் மற்றவர்களையும் நினையுங்கள். பண்ணைக்காரர் உங்களைத் தங்கவைத்தார், அவர் மீதும் வழக்கு வரலாம். வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் வராமல் பண்ணைகள் திண்டாடுகிற வருஷம் இது. மானைத் தோலுரித்துக் கொடுத்த அந்தப் பெரியவர் முதலாளி சொன்னதைச் செய்தவர். அவர் முகம் எதற்குப் போலீஸ் கோப்பில் போக வேண்டும்?

இனி சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒன்று. நீங்கள் கெட்ட எண்ணத்தில் போகவில்லை என்று தெரியும். வேலை போன வீடுகளுக்கு இறைச்சி கொடுத்த மனசு எனக்குப் பெரிதாகப்படுகிறது. ஆனால் ஆகஸ்ட் 1-ஆம் தேதி இந்த நாட்டில் கொரோனா தொற்று ஐந்து லட்சத்தைத் தாண்டியது. இறுதிச்சடங்குக்கு ஐம்பது பேர்தான், இரவு விழிப்புக்குத் தடை. சென்ற மாதம் என்னிடம் வந்த ஒரு பெண், ஜோஹன்னஸ்பர்க்கில் இறந்த அப்பாவின் முகத்தைப் போன் திரையில் பார்த்து அழுதவர். பெர்மிட் கைக்கு வருவதற்குள் தகனம் முடிந்துவிட்டது. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் பெரிய வெள்ளிக்கு எத்தனை ஆயிரம் பேர் கூடுவோம், இந்த வருஷம் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டோம். இது ஆடி மாதம், கூழ் ஊற்றக்கூடத் தெருவாகச் சேர முடியவில்லை. விதியை மதித்து இவ்வளவையும் விட்டுக்கொடுத்தவர்கள் அதே கணவாயை நீங்கள் மானுக்காகத் தாண்டிய படத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அந்தக் கேள்வியைக் கேட்டவர் பொறாமையில் கேட்டார் என்று நினைக்காதீர்கள். அவருக்கும் எல்லைக்கு அந்தப் பக்கம் யாராவது இருக்கலாம்.

வேட்டைக்காரர் யாருமே இப்போது படம் போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாகாணத்துக்குள், விதிப்படி போய் வந்தவர் தாராளமாகப் போடலாம். வீடு திரும்பிய பிறகு, பண்ணைக்காரரிடம் கேட்டு, இடக்குறியை நீக்கிப் போடட்டும். காண்டாமிருகம் உள்ள பண்ணையென்றால் நோய் இல்லாத காலத்திலும் இடத்தைச் சொல்லக் கூடாது, திருட்டு வேட்டைக்காரர்களுக்கு அதுவே வழிகாட்டி. உங்கள் ஹாரிஸ்மித் படங்கள் வீட்டில் இருக்கட்டும். மகனுக்கு அது முதல் வேட்டை என்று எழுதியிருக்கிறீர்கள், அவன் ஆசை புரிகிறது. ஒரு படத்தை அச்சிட்டு அவன் அறையில் மாட்டுங்கள்.

கடைசியாக ரைபிள். உங்களுக்கு வந்த தகவல் பழையது. முடிந்துபோன உரிமங்களுக்காகப் போலீஸ் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று 2018-இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் போட்ட இடைக்காலத் தடையை, 2020 ஜூலை 23-ஆம் தேதி உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆகவே அந்த ரைபிள் இப்போது உங்கள் அலமாரியில் இருப்பதே குற்றம். அந்தப் படங்களை வெளியில் விடாதிருக்க இது இன்னொரு காரணம், ஏனென்றால் அவற்றில் ரைபிள் உங்கள் கையில்தான் இருக்கிறது. நல்லவேளையாக, 2020 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜனவரி 31 வரை பொதுமன்னிப்புக் காலம் அறிவித்திருக்கிறார்கள். அதற்குள் காவல் நிலையத்தில் ரைபிளை ஒப்படைத்தால், உரிமம் இல்லாமல் வைத்திருந்ததற்காக வழக்குப் போடமாட்டார்கள். ஒப்படைத்த கையோடு, கெடுவுக்குள் புது உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். துப்பாக்கியைச் சோதனைக்கு அனுப்புவார்கள், அதனால் திரும்பிவர நாளாகும். குண்டுகளைக் கழற்றி, உறையில் போட்டு, பழைய உரிமத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். போகும் முன் ஒரு வக்கீலிடம் பேசிவிட்டுப் போங்கள். அங்கே ரைபிளைப் பற்றிக் கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள், ஹாரிஸ்மித் பேச்சை நீங்களாக எடுக்க வேண்டியதில்லை.