விமானப்படைத் தளத்துக்கு வெளியே நின்று படம் எடுத்தால் கைது செய்வார்களா?

நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் வேலிக்கு வெளியே ஏணி போட்டு ஏறி நின்று, போர் விமானத்தின் வாலில் உள்ள எண்ணை நோட்டில் குறித்துக்கொள்வது வெறும் பொழுதுபோக்கு. வேல்ஸ் மலைகளில் விமானம் நம் காலுக்குக் கீழேயே பறந்து போகும், விமானியின் ஹெல்மெட் வரை படத்தில் விழும்!

அதே நோட்டுதான் கிரீஸில் வினையானது. 2001 நவம்பரில் கலமாட்டா தளத்தில் 12 பிரிட்டிஷ்காரர்களும் 2 டச்சுக்காரர்களும் கைதானார்கள். எண்களை எழுதி வைப்பதில் என்ன சுகம் என்று அங்கே யாருக்கும் புரியவில்லை (நியாயம்தான், என் வீட்டிலும் புரியவில்லை). 2002 ஏப்ரலில் 8 பேருக்கு உளவுக் குற்றத்துக்காக 3 ஆண்டுச் சிறை, மற்ற 6 பேருக்கு நிறுத்திவைக்கப்பட்ட ஓராண்டுத் தண்டனை. அப்புறம் நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை.

படம் எடுக்கக்கூடாது என்று போர்டு இருந்தால் கேமராவைப் பையிலிருந்தே எடுக்காதீர்கள்.