ஆசிரியரின் எண்ணமும் பேச்சும் பாடம் நடத்துவதை உண்மையிலேயே மாற்றுமா?

"இந்த வருடம்தான் ஆசிரியர் வேலையில் சேர்ந்தேன், பயிற்சியில் மனப்பான்மை, மொழி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், அதனால் வகுப்பில் ஏதாவது மாறுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறும். நான் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வகுப்பைக் கவனிப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஒரு பிள்ளையைப் பற்றி ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்று அவரிடம் கேட்கவே வேண்டாம். கேள்வி யாரிடம் போகிறது, பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், பார்த்து எழுதும் வேலையை மட்டும் யாருக்குத் தருகிறார் என்று பார்த்தால் போதும்.

"வீட்ல யாரும் படிக்கல சார், ரெண்டு பேரும் கூலி வேலை. இவனுக்கு ஏறாது." இப்படிச் சொல்பவர்களில் பலர் நல்ல மனசுக்காரர்கள். அந்தப் பையனுக்குச் சொந்தக் காசில் பேனா வாங்கிக் கொடுப்பார்கள். ஆனால் பாவம் பார்த்து, கடினமான கேள்வியை அவனிடம் கொண்டுபோக மாட்டார்கள். வருடக் கடைசியில் அவன் நோட்டில் அழகான கையெழுத்து இருக்கும், அதை வாசிக்கச் சொன்னால் நிற்பான். திட்டுவதைவிட இந்தப் பரிவைப் பார்த்துத்தான் எனக்கு அதிகப் பயம். திட்டினால் யாராவது கேட்பார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, அடிப்பதோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பரிவோடு ஒதுக்கி வைப்பதை யாரும் கேட்பதில்லை.

ஆராய்ச்சியிலும் இது பழைய விஷயம்தான். ரோசென்தாலும் ஜேக்கப்சனும் 1960-களில் கலிஃபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் சில பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, இவர்கள் நன்றாக முன்னேறுவார்கள் என்று ஆசிரியர்களிடம் தெரிவித்தார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கல் முறையில் எடுத்தவை. சின்ன வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். விளைவு எவ்வளவு பெரியது என்பதில் பிறகு நிறைய சர்ச்சை வந்தது. எனக்கு அதைவிடப் பயன்பட்டது கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் கண்டது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள், கெட்டிக்காரர்கள் என்று நினைத்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக. எல்லாருக்கும் 3 வினாடி கொடுத்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

நம்ம ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பு, பின்னம். 1/3, 1/4 இரண்டில் எது பெரியது? ஒரு பள்ளியில் ஒரு பையன் 1/4 என்றான். "இதுகூடத் தெரியலையா?" என்று கேள்வி அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டது. இன்னொரு பள்ளியிலும் அதே தப்பு. அந்த டீச்சர், நம்ம பக்கத்து நில அளவான மாவை வைத்து, "உங்க ஊர்ல ஒரு ஏக்கர்னா எத்தனை மா?" என்று கேட்டார்.

"மூணு மா டீச்சர்."

"அப்ப ஒரு மா, ஏக்கர்ல எவ்வளவு?"

யோசித்தான். டீச்சர் காத்திருந்தார். "மூணுல ஒரு பங்கு."

"அதே ஏக்கரை நாலு பேருக்குப் பிரிச்சா?"

"ஒரு மாவைவிடக் கம்மியா வரும் டீச்சர்... அப்ப 1/3தான் பெரிசு."

நூறு குழி ஒரு மா, மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்று வரப்பில் நடந்தே கற்ற பிள்ளைகள் இவர்கள். இரண்டு பள்ளியிலும் ஒரே பாடப்புத்தகம். தப்பான பதிலுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று இரண்டாமவர் நம்பினார், அதனால்தான் அடுத்த கேள்வி அவருக்குத் தோன்றியது.

சரி, நம்பிக்கையை எப்படி மாற்றுவது? உத்தரவு போட்டு முடியாது. பேச்சை மாற்றலாம், அங்கிருந்து தொடங்குங்கள். 2022-ல் தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தோம். நிலை மாற வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பிரிவே. ஆனால் "அவ அரும்பு சார்" என்று சொல்லிவிட்டால் நாளைக்கு அவளுக்கு என்ன நடத்துவது என்று தெரியாது. "ரெண்டெழுத்துச் சொல் படிக்கிறா, மூணெழுத்துல தடுமாறுறா" என்றால் நாளைய பாடம் அதிலேயே இருக்கிறது.

சம்பா நடவு நேரத்தில் இதை இன்னும் கவனியுங்கள். அம்மா விடியற்காலையிலேயே வயலுக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் நின்றுவிடுவாள். திரும்பி வரும் அன்று, "வாங்க மகாராணி, இப்பத்தான் வழி தெரிஞ்சதா?" என்று வரவேற்றால் மறுநாளும் வர யோசிப்பாள். "வாம்மா, வகுத்தல்ல நாலாவது கணக்கு வரைக்கும் வந்திருக்கோம், இவ பக்கத்துல உட்காரு" என்றால் அன்றைக்கே வேலை தொடங்கிவிடும்.

அப்புறம், ஆசிரியர் அறையில் மூத்தவர் யாராவது "ஏறாது" என்றால் வாதாடாதீர்கள், புதிதாக வந்தவருக்கு அது வீண் மனக்கசப்பு. "எந்த இடத்துல நிக்கிறான் சார்?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அவரே அந்தப் பையனின் நோட்டை எடுத்துவந்து காட்டுவார். அதன் பிறகு இருவரும் பேசப்போவது கணக்கைப் பற்றித்தான்.