ஆதிரை என்ற பெயருக்கு என்ன பொருள்?

ஆதிரை ஒரு நட்சத்திரத்தின் பெயர், திருவாதிரை என்று பஞ்சாங்கத்தில் வருமே, அதேதான். ரோகிணி, ரேவதி, சுவாதி எல்லாம் நட்சத்திரப் பெயர்கள் பெண்களுக்கு வந்த மாதிரி இதுவும் வந்தது. மார்கழி இரவில் வானத்தைப் பார்த்தால் சற்றே செம்மையாக மின்னும். திருவாதிரை அன்று களி செய்வதும், சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனமும் இந்த நாளை ஒட்டித்தான். சமஸ்கிருதத்தில் ஆர்த்ரா, அதாவது ஈரமானது.

பெயராகப் பார்த்தால் ரொம்பப் பழையது. மணிமேகலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சாதுவனின் மனைவி ஆதிரை. கப்பல் உடைந்து கணவன் இறந்தான் என்று கேட்டுத் தீயில் இறங்கினாள், தீ சுடவில்லை, அப்புறம் அவனும் உயிரோடு திரும்பினான். அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டதும் அவள்தான், எனக்கு இந்தப் பெயர் பிடித்துப்போனதே அதனால்தான்.

கேரளத்தில் ஆதிரா என்று தெருவுக்கு ஒருத்தி இருப்பார், தமிழ்நாட்டில் ஆதிரை அபூர்வம். தூய தமிழ்ப் பெயர் தேடுகிறவர்கள் இப்போது வைக்கிறார்கள்.

‘ஆதி’ இருப்பதால் ‘முதலானவள்’ என்று பலர் பொருள் சொல்கிறார்கள், அது சரியல்ல. திருவாதிரையில் பிறந்தவர்களுக்குத்தான் வைக்க வேண்டும் என்றும் இல்லை.