வெள்ளரி ஊறுகாய் கொழகொழத்துப் போகிறது, என்ன பொடி சேர்க்கலாம்?

கேள்வி: ஐயா, வணக்கம். வேடசந்தூர் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பூமி. அதில் அரை ஏக்கரில் கம்பெனி ஒப்பந்தத்தில் கெர்கின் வெள்ளரி (பிஞ்சிலேயே பறிக்கிற ஊறுகாய் வெள்ளரி) போட்டிருக்கிறோம். பருத்த காயைக் கம்பெனி வண்டியில் எடுப்பதில்லை, கழித்துவிடுகிறார்கள். வீணாக்க மனமில்லாமல் உப்புத் தண்ணீரில் ஊறுகாய் போட்டுப் பார்த்தேன். ஒரு வாரத்தில் மேலே வெள்ளை ஏடு படிந்து, காயெல்லாம் கொழகொழவென்று ஆகிவிட்டது. சில காய் உள்ளே வெற்றுக் கூடாக இருக்கிறது, சிலது கசக்கிறது. உரக்கடையில் கேட்டால், காய் கெட்டிப்பட ஒரு கால்சியம் டானிக் அடிக்கச் சொல்கிறார், ஊறுகாய்க்குச் சுண்ணாம்பில் ஊறவைக்கச் சொல்கிறார். பழ ஈக்கு மருந்து அடித்து இரண்டு நாள் ஆகிறது, நாளை பறிக்கும் காயில் மறுபடி போடலாம் என்று இருக்கிறேன். நறுக்கென்று கடிபட என்ன பொடி சேர்க்க வேண்டும்? நன்றாக வந்தால் அக்கம்பக்கத்தில் விற்கவும் ஆசை.

பதில்: பொடி எதுவும் வேண்டாம் அம்மா. அதைவிட அவசரமான விஷயத்தைக் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். மருந்து அடித்து இரண்டு நாள் ஆன கொடியில் நாளை பறித்து ஊறுகாய் போடாதீர்கள். மருந்து டப்பா லேபிளில் காத்திருப்புக் காலம் என்று போட்டிருக்கும், அடித்த நாளிலிருந்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்ற கணக்கு அது. அந்த நாள் கழியும்வரை வரும் காயைப் பறித்துக் குழியில் போட்டு மூடுங்கள், மாட்டுக்கும் போட வேண்டாம். கம்பெனிக்கும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இந்தக் காய் கடல் தாண்டிப் போகிற சரக்கு, மருந்து எச்சம் இருக்கிறதா என்று சோதித்துத்தான் அங்கே இறக்குவார்கள். ஊறுகாய்க்கு வெள்ளரியைத் தோலோடு, முழுசாகப் போடுகிறோம். அடித்த மருந்து தோலில்தான் முதலில் நிற்கும். கழுவினால் மேலே ஒட்டியது கொஞ்சம் போகும், உள்ளே இறங்கியது போகாது.

தினமும் கை வைத்துப் பறிக்கிற பயிரில் பறிப்பு தொடங்கிய பிறகு மருந்துத் தெளிப்பான் தோட்டத்துக்குள் வரவே கூடாது என்பது என் கட்சி. பழ ஈக்குக் கியூலூர் என்ற கவர்ச்சிப் பொருள் வைத்த இனக்கவர்ச்சிப் பொறியைப் பூக்கும் முன்பே கட்டுங்கள். ஈ குத்திய காயைக் கொடியிலும் தரையிலும் விடாமல் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதி நீங்கள் எப்படிப் பறிக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. உங்கள் ஊறுகாய் கெட்ட கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

நீங்கள் ஊறுகாய் போட்டது கம்பெனி கழித்த காயில். ஏன் கழித்தார்கள்? பருத்துவிட்டது, அதனால். பருத்த காயில் விதை திரண்டு, நடுவில் இருக்கிற சதை கொழகொழப்பாகி, தோல் தடித்துவிடும். உப்புத் தண்ணீர் உள்ளே இறங்குவதற்குள் நடுப்பகுதி அழுகத் தொடங்கும். புளிக்கும்போது உண்டாகிற வாயு வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கிக் காயைக் கூடாக்கும். அப்படிப்பட்ட காயில் எந்தப் பொடியைப் போட்டாலும் நறுக்கென்று வராது. ஊறுகாய்க்கு உரிய காய் உங்கள் சுண்டுவிரல் நீளம், கிலோவுக்கு 60 முதல் 100 வரை நிற்கிற பருமன். அதைவிடச் சின்னதாக, கிலோவுக்கு 160க்கு மேல் நிற்கும் பிஞ்சுக்குத்தான் கம்பெனியில் உச்ச விலை, அதை ஜாடியில் போட்டு வீணாக்காதீர்கள், வண்டிக்கே கொடுங்கள்.

"பறிக்கத்தான் செய்கிறோம் ஐயா, ஆனாலும் பருத்துவிடுகிறது" என்பீர்கள். உங்கள் பக்கம் கெர்கின் போட்ட தோட்டங்களில் நான் பார்க்கிறதெல்லாம் இதுதான்: ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிப்பு, அதுவும் கூலி ஆள் வந்து சேர்ந்து பத்து மணிக்கு மேல். இந்தக் கொடி அதற்கெல்லாம் காத்திருக்காது. நல்ல வெயிலும் ஈரமும் இருந்தால் இன்று காலை விரல் மாதிரி இருந்த பிஞ்சு நாளைக் காலை அதைப்போல் இரண்டு மடங்காகிவிடும். இலைக்கு அடியில், கொடி தரையோடு படர்ந்த இடத்தில், மஞ்சள் பூ வாடி நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிஞ்சை முதல் நாள் கண் தவற விட்டால் மூன்றாம் நாள் அது கையடக்கத்தில் இருக்காது. அந்த ஒரு காயோடு நஷ்டம் நிற்பதில்லை. கொடியில் ஒரு காய் முற்ற ஆரம்பித்ததும் செடி தன் சத்தையெல்லாம் அந்த விதையை நிரப்பத் திருப்பிவிடும், அதே கொடியில் அடுத்தடுத்து வர வேண்டிய பிஞ்சுகள் மஞ்சளாகி உதிரும். அப்புறம் "காய்ப்பு நின்றுவிட்டது, என்ன உரம் போடலாம்" என்று கடைக்குப் போவீர்கள். உரம் தேவையில்லை. தேவையானதெல்லாம் தினமும், ஞாயிற்றுக்கிழமை உட்பட, வெயில் ஏறும் முன் கொடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, விற்கிற காயோடு விற்காத காயையும் சேர்த்துப் பறித்துவிடுவது. விதைத்து 30, 35 நாளில் பறிப்பு தொடங்கிவிடும், முழுப் பயிரும் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும், அந்தக் கொஞ்ச நாளுக்கு வீட்டில் ஒருவர் இதே வேலையாக இருக்க முடியாது என்றால் அரை ஏக்கர் வேண்டாம், கால் ஏக்கர் போடுங்கள். கால் ஏக்கரைத் தினமும் பறிக்கிறவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கிற அரை ஏக்கர்க்காரரைவிடத் தரமான காய் எடுப்பார்.

கொடியை நூல் கட்டி மேலே ஏற்றிவிட்டால் பிஞ்சு கண்ணில் தப்பாது, காற்றோட்டம் கிடைத்து அடிச்சாம்பல் நோயும் மட்டுப்படும். மருந்துக்குக் கொடுக்கிற காசில் நூலும் கம்பும் வாங்கலாம்.

இப்போது உரக்கடை டானிக். அவர் விற்கிறவர், விற்கத்தான் சொல்வார். இலையில் அடிக்கிற கால்சியம் காய்க்குள் போய்ச் சேர்வது சொற்பம், பறிக்கிற பருவத்தில் அடித்து ஊறுகாயைக் கெட்டியாக்க முடியாது. இன்னும் சில கடைகளில், பெண் பூ நிறைய வரும் என்று பறிப்புக் காலத்தில் எத்ரல் என்ற பயிர் வளர்ச்சி மருந்தைக் கையில் திணிக்கிறார்கள். வேளாண் பல்கலைக்கழகம் வெள்ளரி இனங்களுக்கு எத்ரலைச் சொல்லியிருப்பது உண்மைதான், ஆனால் அது விதைத்த 15ஆம் நாள் வாக்கில், செடி சின்னதாக இருக்கும்போது தொடங்கி வாரம் ஒரு முறை அடிப்பது. காய்த்துக்கொண்டிருக்கிற கொடிக்கு அதைக் கொடுப்பவருக்கு ஒன்று பயிர் தெரியாது, அல்லது உங்கள் நஷ்டத்தைப் பற்றிக் கவலையில்லை. கந்தகத் தூளும் அப்படித்தான், எல்லாப் பயிருக்கும் நல்லது என்று கொடுத்துவிடுவார்கள், வெள்ளரி இலை கருகிவிடும்.

சுண்ணாம்பு விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறினால் காய் விறைப்பாகும், பொய்யில்லை. ஆனால் ஊறுகாயைக் கெடாமல் காப்பது அதன் புளிப்பு. காயில் தங்கிய சுண்ணாம்பு அந்தப் புளிப்பை முறித்துவிடும். புளிப்புக் குறைந்து மூடிய பாட்டிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நச்சுக் கிருமி வளர்ந்தால் வாடையும் வராது, நிறமும் மாறாது, ஆளையே கொன்றுவிடும். பலமுறை தண்ணீர் மாற்றி ஊறவைத்துச் சுண்ணாம்பைப் போக்கினால்தான் ஆபத்தில்லை, விற்பனைக்குப் போடுகிற அவசரத்தில் அதை யார் செய்வார்கள்? தொடவே வேண்டாம்.

பொடிக்குப் பதில் கத்தி எடுங்கள். ஒவ்வொரு பிஞ்சிலும் பூ ஒட்டியிருந்த முனையை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி எறியுங்கள். காம்பு முனை இல்லை, எதிர் முனை. காய்ந்த பூவிலும் அந்த முனையிலும் இருக்கிற நொதிதான் ஜாடிக்குள் காயை இளக்குகிறது. உங்கள் காய் கொழகொழத்ததற்கு இது பெரிய காரணமாக இருக்கும், பெரும்பாலானவர்கள் காம்பை மட்டும் கிள்ளிவிட்டுப் பூ முனையை அப்படியே போட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது உப்பு. எவ்வளவு போட்டீர்கள் என்று எழுதவில்லை, கைப்பிடிக் கணக்கில்தான் போட்டிருப்பீர்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 70 முதல் 80 கிராம் கல்லுப்பு, தராசில் நிறுத்து. அதிகமாகத் தெரியும், ஆனால் காயிலிருந்து இறங்குகிற தண்ணீரில் அது பாதியாகிவிடும். உப்பைக் கரைத்துக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, நன்றாக ஆறவிட்டு ஊற்றுங்கள். பூண்டு, மிளகு, கடுகு உங்கள் இஷ்டம். வெளிநாட்டு ஊறுகாயில் வருகிற அந்த வாசனை சதகுப்பை, நாட்டு மருந்துக் கடையில் விதை கிடைக்கும், ஜாடிக்கு ஒரு ஸ்பூன் போதும். காய் முழுவதும் தண்ணீருக்குள் முங்கியிருக்க வேண்டும், மேலே பீங்கான் தட்டு வைத்துக் கனம் ஏற்றி, ஜாடி வாய்க்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டுங்கள். மெல்லிய வெள்ளை ஏடு படிந்தால் அன்றன்றே எடுத்துவிடுங்கள், அதனால் கெடுதல் இல்லை, ஆனால் விட்டுவைத்தால் புளிப்பைத் தின்றுவிடும். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு மாதிரிப் பூசணம் பூத்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடுகிற வேலை வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் வெயில் கெடுத்துவிடும். இந்தப் புளிப்பு நிதானமாக ஏற 21 முதல் 24 டிகிரி சூடு தோது, மூன்று நான்கு வாரத்தில் பக்குவமாகும். 27ஐத் தாண்டினால் காய் இளகும். அதனால் உப்புத் தண்ணீர் ஊறுகாயை மார்கழி, தை மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் வினிகர்தான் வழி. அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெளிநாட்டுச் செய்முறைகளில் வினிகர் பாதி, தண்ணீர் பாதி என்று இருக்கும், அது 5 சதவீத வினிகருக்கான கணக்கு. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 4 சதவீதம். அதற்கு ஐந்து பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீருக்கு மேல் போகாதீர்கள். உப்பு, கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து, பூ முனை சீவிய பிஞ்சின் மேல் ஊற்றி, ஆறியதும் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஓரிரு நாளில் சாப்பிடலாம். வினிகர் விலை என்று கெட்டியான ஆசிட்டை வாங்கித் தண்ணீர் கலந்துகொள்ளச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கையும் கண்ணும் வெந்துபோகும், அது உணவுக்கான தரம்தானா என்பதும் தெரியாது.

எந்த முறையானாலும் காலையில் பறித்த காய் மாலைக்குள் உப்பிலோ வினிகரிலோ இறங்கிவிட வேண்டும். சாக்கில் கட்டி மறுநாள்வரை போட்டுவைத்த காயும் கூடாகத்தான் போகும்.

கசப்பு தண்ணீர்ப் பாய்ச்சலில் இருக்கிற கோளாறு. ஒரு வாரம் காயப்போட்டு, பிறகு தேங்கத் தேங்க விடுகிற தோட்டத்தில், அதுவும் வெயில் நாளில், கசப்பு ஏறும். காம்புப் பக்கமும் தோலுக்கடியிலும்தான் அது கூடுதல். சொட்டுநீர் இருந்தால் தினமும் கொஞ்சமாகக் கொடுங்கள், செடி அடியில் மூடாக்குப் போடுங்கள். கசந்த காயை உப்பு எடுத்துவிடும் என்று நம்பி ஜாடியில் போடாதீர்கள், கசப்பு அப்படியே இருக்கும்.

கம்பெனி கழிக்கிற பருத்த காயை என்ன செய்வது என்றால், மருந்து படாததாக இருந்தால் விதையை வழித்து எறிந்துவிட்டுக் கூட்டு வைக்கலாம், அல்லது வில்லையாக நறுக்கி உப்பு மோரில் ஊறவைத்து மிதுக்கு வற்றல் மாதிரி வெயிலில் காயவைத்துப் பொரிக்கலாம். ஜாடிக்கு அது ஆகாது. விற்பனையைப் பொறுத்தவரை, முதலில் வீட்டுக்குப் போட்டு இரண்டு மூன்று ஈடு ஒரே மாதிரி வருகிறதா பாருங்கள். அதற்குப் பிறகு உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு தயாரிப்பாளர் பதிவு வாங்கிக்கொண்டு கொடுங்கள், தெரிந்தவர்கள்தானே என்று பதிவில்லாமல் கொடுக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் பறித்த காயெல்லாம் கம்பெனிக்கே என்று எழுதியிருக்கிறதா என்பதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள், அப்படி இருந்தால் கிணற்றடியில் நான்கு பாத்தி தனியாக, உங்கள் சொந்த விதையில், ஊறுகாய்க்கென்றே போட்டுக்கொள்ளுங்கள்.