பழ மரத்துக்கு நோய் வந்தால், அதற்குள் வாழும் நல்ல பாக்டீரியாக்களை நோய்க்கிருமி கொன்றுவிடுமா?

எனக்குப் பழக்கமான ஒரு நோயை வைத்துச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டங்களில் இரண்டு வருடம் இலை, வேர் மாதிரி எடுக்கும் வேலை பார்த்தேன். அங்கே எல்லார் வாயிலும் இருந்த நோயின் பெயர் எச்எல்பி, அதாவது ஹுவாங்லாங்பிங். நம்மூரில் கிரீனிங் என்பார்கள். 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு பறித்த மாநிலம் அது. நோய் கண்டுபிடிக்கப்பட்டது 2005-ல். 2023-24 பருவத்தில் 2 கோடிப் பெட்டிகூடத் தேறவில்லை. புயல்களும் சேர்ந்து அடித்தன என்றாலும், மரங்களை முதலில் சாய்த்தது இந்த நோய்தான்.

சைலிட் என்ற குட்டிப் பூச்சி சாறு உறிஞ்சும்போது லிபரிபாக்டர் என்ற பாக்டீரியாவை மரத்துக்குள் விட்டுவிடும். அது குடியேறுவது புளோயம் குழாயில், அதாவது இலை தயாரித்த சர்க்கரை வேருக்கு இறங்கும் வழியில். வழி அடைபட்டதும் இலையில் மாவுச்சத்து தேங்கும். இதைத் தோப்பில் நின்றபடியே பார்க்கலாம். இலையை உப்புத்தாளில் தேய்த்து, அந்தத் தாளைக் கொஞ்சம் தண்ணீரில் அலசி, ஒரு சொட்டு அயோடின் விடுவோம். நோய்ப்பட்ட இலை என்றால் தண்ணீர் கருத்துவிடும். நல்ல இலை என்றால் அயோடினின் நிறம்தான் தெரியும்.

அதே மரத்தடியில் மண்ணைத் தோண்டினால் நிலைமை நேர் எதிர். மேலே சர்க்கரை தேங்கிக் கிடக்க, கீழே வேர் பட்டினி. இலையில் மஞ்சள் தெரியும் முன்பே சல்லி வேரில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். நல்ல மரத்தடியில் கைநிறைய சல்லி வேர் வரும் இடத்தில், இங்கே பென்சில் பருமன் வேர்கள்தான் கையில் சிக்கும்.

உங்கள் கேள்விக்கான பதில் இந்தச் சல்லி வேரில்தான் இருக்கிறது. ஆரோக்கியமான வேர் சர்க்கரையைக் கசியவிட்டு, மண்ணிலிருந்து தனக்கு உதவும் பாக்டீரியாக்களைத் தன்பக்கம் சேர்த்துக்கொள்ளும். பர்க்ஹோல்டீரியா, பிராடிரைசோபியம் போன்றவை அப்படி வந்து ஒட்டுபவை. நோய்ப்பட்ட வேரில் இந்தச் சேர்க்கை தளர்ந்துவிடுகிறது. சர்க்கரையை நம்பியவை குறைந்து, கடினமான கழிவுகளைத் தின்னக்கூடியவை பெருகுகின்றன. ஆக, கிருமி இவற்றைத் தேடிப்போய்க் கொல்வதில்லை. சோறு போட்ட வீடு நொடித்துப்போனதால் இவை கலைந்துபோகின்றன என்பதே என் புரிதல்.

அதனால்தான் பாட்டில் பாட்டிலாக நுண்ணுயிர் உரம் வாங்கி ஊற்றுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. சர்க்கரை இறங்காத வேரில் புதிதாக வந்தது மட்டும் எதைத் தின்று நிலைக்கும்? 2022 கடைசியில் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை அடிமரத்தில் ஊசியாகப் போட ஃபுளோரிடாவில் அனுமதி வந்தது. மரங்கள் துளிர்ப்பதைப் பார்த்து விவசாயிகள் முகம் மலர்வது எனக்குப் புரிகிறது. ஆனால் அது ஒரு கிருமியை மட்டும் குறிவைக்கும் மருந்தல்ல. உள்ளே குடியிருக்கும் மற்ற பாக்டீரியாக்களையும் தொடும். இந்தக் கவலை எனக்கு இன்னும் போகவில்லை.

இன்னொன்று. ஒரே தோப்பில், ஒரே வயதில், அத்தனையும் நோய்ப்பட்டிருக்க, ஒரு மரம் மட்டும் தாக்குப்பிடித்துக் காய்க்கும். அதன் வேரில் பாக்டீரியாக் கூட்டம் வேறு மாதிரி இருக்கிறது. அந்தக் கூட்டம் மரத்தைக் காப்பாற்றியதா, மரம் தப்பியதால் கூட்டம் தப்பியதா? ஒரு நாள் எடுத்த மாதிரி அதைச் சொல்லாது. கன்று நட்ட நாளிலிருந்து அதே மரத்தைத் திரும்பத் திரும்பத் தோண்டிப் பார்க்க வேண்டும்.