கையெழுத்து வைக்க மாட்டேன் என்கிறார்

கேள்வி: அக்கா, என் மகள் இரசாயனவியல் பட்டதாரி. பதினெட்டு மாதமாக ஒரு சொலிசிற்றர் (சட்டத்தரணி) கந்தோரில் முழுநேர வேலை. அகதி வழக்குக்காரரின் வாக்குமூலங்களைத் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவது அவள்தான். தானும் சொலிசிற்றராக வேண்டும் என்று நிற்கிறாள். அதற்குத் தேவையான வேலை அனுபவத்தைக் கையெழுத்து வைத்து உறுதிப்படுத்தக் கேட்டால், "உனக்கு இன்னும் தகுதி வரவில்லை, ஐந்து வருடம் இரு, பார்ப்போம்" என்கிறார் முதலாளி. இன்னொன்று, படிக்கிற காலத்தில் டிக்கெட் இல்லாமல் ரயிலில் போய், நீதிமன்றத்தில் குற்றப்பணம் கட்டியிருக்கிறாள். அதைச் சொல்லத்தான் வேண்டுமா?
- ஒரு தாய், ஹரோ

பதில்: தங்கச்சி, மகளின் தகுதியை அளப்பது அந்த முதலாளியின் வேலை இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிற்றர்மாரைக் கட்டுப்படுத்துவது எஸ்.ஆர்.ஏ. என்ற அமைப்பு. 2021 செப்டம்பரில் அது கொண்டுவந்த எஸ்.கியூ.இ. பரீட்சைதான் தகுதியை அளக்கிறது. கையெழுத்து வைப்பவர் சொல்ல வேண்டியவை மூன்றுதான்: இவ்வளவு காலம் வேலை செய்தாள், சொலிசிற்றருக்குரிய திறன்களில் இரண்டையாவது வளர்க்க வாய்ப்பு இருந்தது, அவளுடைய நேர்மையில் கேள்வி எழவில்லை. கெட்டிக்காரியா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

தேவையான அனுபவம் மொத்தம் இரண்டு வருடம், நான்கு இடங்கள் வரை பிரித்துச் செய்யலாம். மீதி ஆறு மாதத்தை ஒரு இலவச சட்ட உதவி நிலையத்தில் சம்பளமில்லாமல் செய்தாலும் கணக்கில் வரும். இவர் மறுத்தால், அவளுடைய வேலையை நேரடியாக அறிந்த வெளிச் சொலிசிற்றர் ஒருவரும் உறுதிப்படுத்தலாம். அதனால் எந்த நாளில் என்ன வேலை செய்தாள் என்று இன்றே எழுதத் தொடங்கட்டும், வழக்குக்காரரின் பெயர் இல்லாமல்.

எந்தப் பாடத்தில் பட்டமும் போதும். முதல் கட்டத்தில் 360 கேள்விகள், விடையைத் தெரிவு செய்வது. இரண்டாம் கட்டத்தில் 16 செய்முறைப் பணிகள். அதில் இரண்டு, வழக்குக்காரரை இருத்திப் பேசி விபரம் எடுப்பது. உங்கள் மகள் பதினெட்டு மாதமாகச் செய்வதே அதுதானே!

ரயில் விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். பழைய குற்றப்பணம் ஒன்றுக்காகவே கதவு மூடும் என்று பயப்படாதீர்கள். என்ன நடந்தது, எப்போது, அதன் பிறகு எப்படி நடந்தாள் என்று பார்ப்பார்கள். மறைத்தால் அது நேர்மையீனம், அதற்குத்தான் மன்னிப்புக் கிடைப்பது அரிது. விண்ணப்பத்துக்கு முன்பே எஸ்.ஆர்.ஏ.யிடம் கேட்டுத் தெளியவும் வழி உண்டு.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று நான் விளங்கிக்கொண்டது என் சொலிசிற்றர் பயிற்சிக் காலத்தில். வழக்குக்காரரின் காசு தனிக் கணக்கில் இருக்கும், ஐந்து வாரத்துக்கு ஒரு முறையாவது அதைச் சரிபார்க்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை கணக்கில் 3 பவுண் 40 பென்ஸ் ஒத்துவரவில்லை. என் கைப்பையில் அதைவிடக் கூடச் சில்லறை இருந்தது, எடுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கணக்குப் பார்க்கும் அம்மா பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அது யாருடைய காசு என்று உனக்குத் தெரியுமா?" இரவு எட்டரைக்குத்தான் பிழை பிடிபட்டது, ஒரு கூரியர் கட்டணம் இரண்டு தரம் பதிந்திருந்தது.

1993இல் போல்ற்றன் என்ற சொலிசிற்றரின் வழக்கில், அவர் திருட நினைக்கவில்லை என்று ஏற்றுக்கொண்ட பிறகும், வழக்குக்காரரின் காசைக் கையாண்ட விதத்துக்காக விதித்த இரண்டு வருடத் தடை சரியானதே என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். உலகத்தின் எல்லை வரை நம்பக்கூடியவராக சொலிசிற்றர் இருக்க வேண்டும் என்றார் நீதிபதி பிங்ஹம். யாழ்ப்பாணத்தில் பிரக்கிராசியாரின் (அந்தக் காலச் சட்டத்தரணியின்) கையில் காணி உறுதியைக் கொடுத்துவிட்டு எங்கள் அப்பப்பா நிம்மதியாகப் படுத்தாரே, அந்த நம்பிக்கைதான் இது.

முதலாளிக்கு, வேலை செய்த திகதிகளைப் போட்டு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் இந்தக் கிழமையே போகட்டும். குற்றப்பணம் கட்டிய கடதாசி வீட்டில் எங்கே கிடக்கிறது என்று தேடி எடுத்து வையுங்கள்.